இடமிருந்து மூன்றாவது பெண்

பாசாரில் மீன் வாங்கிக்கொண்டிருக்கும்போது யாராவது பின்னாலிருந்து என் தோளைத் தொட்டால், அவர்கள் என்ன கேட்கப்போகிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

"அக்கா, அந்தக் குரல்ல ஒரு தடவ பேசுங்கலா."

நான் மீன் பையைக் கீழே வைத்து, இடுப்பில் கை ஊன்றி, மூக்கை லேசாகச் சுருக்கிக்கொண்டு, "ஏம்மா, டாய்லெட்டுக்குப் போனியா, தைப்பிங் டவுன் வரைக்கும் போயிட்டு வந்தியா?" என்பேன். கேட்டவர் சிரிப்பார். மீன்காரரும் சிரிப்பார். ஒரு படம் எடுத்துக்கொண்டு போவார்கள். மலேசியாவில் தமிழ் காணொளி பார்க்கும் பலருக்கு நான் "சூப்பர்வைசர் அக்கா". தொழிற்சாலையில் வேலை செய்த எவரும் அப்படி ஒருத்தியிடம் திட்டு வாங்கியிருப்பார்கள். அதனால்தான் அது பிடித்துக்கொண்டது என்று நினைக்கிறேன்.

எனக்குச் சிரிக்கவைக்கும் ஆசை சின்ன வயதில் இருந்ததில்லை. நான் ஆசைப்பட்டது வேறொன்றுக்கு.

என் அப்பா ஜார்ஜ் டவுனில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் வேலை பார்த்தார். விளக்கு, ஒலிபெருக்கி, நாற்காலி, கூரை ஒழுகல் எல்லாமே அவர் பொறுப்பு. நாங்கள் அப்போது தாசேக் கெலுகோரில் இருந்தோம். பள்ளி விடுமுறையில் என்னைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லையென்றால், அப்பா மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு, பெர்ரியில் கடல் தாண்டித் தன்னோடு கூட்டிப்போவார். எனக்கு ஒன்பது வயது இருக்கும். அந்த விடுமுறையில் ஒரு குழு மண்டபத்தை வாடகைக்கு எடுத்து ஆங்கிலத்தில் இசை நாடகம் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது. வங்கியில் வேலை செய்பவர்கள், ஆசிரியர்கள், ஒரு பல் மருத்துவர் என்று எல்லாரும் வேலை முடிந்து வந்து நடித்தவர்கள். நான் பத்தாவது வரிசையில் உட்கார்ந்து இரண்டு வாரம் அதையே பார்த்தேன்.

ஒரு காட்சியில் மனைவி பெட்டியோடு வீட்டைவிட்டுக் கிளம்புவாள். கணவனோடு சண்டை போட்டுக்கொண்டே வந்தவள், வாசலில் நின்று, பாதி வாக்கியத்தில் பாட ஆரம்பிப்பாள். எனக்கு ஆங்கிலம் அவ்வளவு வராது. ஆனாலும் அந்த இடம் வரும்போதெல்லாம் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவேன். அப்பா ஏணி மேல் நின்று விளக்கைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"அப்பா, ஏன் திடீர்னு பாடறாங்க?"

அவர் கீழே பார்க்காமலே சொன்னார். "பேசிப் பேசிப் பாத்திருப்பாங்க. முடியல போல."

பிறகு நான் எவ்வளவோ படித்தும் பார்த்தும் விட்டேன். அதைவிடச் சரியான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. அந்த விடுமுறைக்குப் பின் வீட்டில் எல்லாவற்றையும் பாடியே கேட்டேன். "சோத்தப் பேசிக் கேளு, பாடிக் கேக்காத" என்று அம்மா கரண்டியைக் காட்டுவார்.

இடைநிலைப்பள்ளியில் இசை நாடகம் போட்டார்கள். கதாநாயகி வேடத்துக்குப் பாடிக் காட்டினேன். பொறுப்பாக இருந்த ஆசிரியை, குரல் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்து, வேலைக்காரி வேடம் கொடுத்தார். தட்டோடு வந்து தடுக்கி விழ வேண்டும். விழுந்தேன். மண்டபமே சிரித்தது. எனக்கு அதுவும் பிடித்திருந்தது என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் அன்றிலிருந்து யாராவது என்னைப் பார்த்தால் முதலில் சிரிக்கவைத்துவிட வேண்டும் என்ற பழக்கம் வந்தது. சிரித்துவிட்டார்கள் என்றால் அதற்கு மேல் என்னை எடைபோட மாட்டார்கள்.

பத்தொன்பது வயதில் பாயான் லெப்பாசில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சேர்ந்தேன். தூசி படக்கூடாத அறையில் வேலை. தலை முதல் கால் வரை வெள்ளை உடை, முகமூடி. கண் மட்டும் தெரியும். இயந்திரங்களின் இரைச்சலுக்குள் நான் பாடுவேன். தெரிந்த பாட்டு, தெரியாத பாட்டு, நானே கட்டிய பாட்டு. எங்கள் சூப்பர்வைசர் ஒரு தமிழ்ப் பெண். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கையில் கணக்குத் தாள் மாட்டிய பலகையோடு வரிசைக்கு இடையில் வந்து, "யாரு பாடறது? இது பெக்டரியா, கல்யாண வீடா?" என்பார். எல்லாக் கண்களும் ஒரே மாதிரி கீழே பார்க்கும். அவர் ஒரு தடவைகூட என்னைப் பிடிக்கவில்லை.

பிறகு கல்யாணம், ஒரு மகள், அதே தொழிற்பேட்டையில் வேறொரு நிறுவனத்தின் அலுவலகத்தில் வேலை. கொரோனாவில் எல்லாரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்த அந்த மாதங்களில் மகளைச் சிரிக்கவைக்க அந்தச் சூப்பர்வைசர் மாதிரி பேசினேன். என் கணவர் குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்ப்பவர். அவருக்கும் அப்போது வேலை இல்லை. போனை எடுத்துப் பதிவு செய்து இணையத்தில் போட்டுவிட்டார். மறுநாள் காலை தெரியாதவர்கள் எல்லாம் எனக்கு எழுதியிருந்தார்கள். அன்றிலிருந்து வாரம் மூன்று காணொளி. கணவர்தான் படம் எடுப்பார். நல்ல மனிதர், ஆனால் நான் பேசும்போது அவர் சிரித்தால் படம் ஆடும்.

இரண்டு வருடத்துக்கு முன் தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தேன். வரிசையில் நின்ற ஒரு அம்மா குவளையை நீட்டினார். நிமிர்ந்து பார்த்தேன். என் பழைய சூப்பர்வைசர். தலை நரைத்திருந்தது. அந்த மூக்குச் சுருக்கம் அப்படியே இருந்தது. என் கை நின்றுவிட்டது.

"ஊத்து. பின்னால ஆள் நிக்குது."

ஊற்றினேன். "அக்கா, நீங்க என் வீடியோவ..."

"பாக்கறேன். எம் மக தினமும் போட்டுக் காட்டறா."

"உங்கள கேலி பண்ணணும்னு இல்லக்கா. மன்னிச்சிருங்க."

"கேலி பண்ணிட்டுப் போ. அத விடு. ஒண்ணு மட்டும் கேக்கறேன். அதுல நீ ஏன் பாடறதே இல்ல?"

"நான் பாடுவேன்னு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"எட்டாவது மிஷின். பாடறப்ப உன் தோள் ரெண்டும் ஏறும். மூஞ்ச மூடிட்டா தோள் தெரியாதா?"

"தெரிஞ்சுமா விட்டீங்க?"

"நீ பாடுன நாள்ல என் லைன்ல ரிஜெக்ட் ஆகற பீஸ் கம்மியா வரும்." மோரைக் குடித்து முடித்து, குவளையைத் தொட்டியில் போட்டுவிட்டு, அவர் கூட்டத்தோடு மலைப்பக்கம் நடந்து போனார்.

அன்று முழுக்க எனக்கு வேறு எதுவும் மனதில் ஓடவில்லை. வெட்கப்பட்டேன். இத்தனை வருடமாக நான் அவரை நடித்துக்காட்டிப் பேர் வாங்கியிருக்கிறேன். ஆனால் நான் யார் என்று சரியாகப் பார்த்தவர் அவர்.

சில மாதங்களில் ஒரு அறிவிப்புக் கண்ணில் பட்டது. ஜார்ஜ் டவுனில் ஓர் இசை நாடகக் குழு புதிய நாடகத்துக்கு ஆள் தேடுகிறது, மூன்று மொழிகள் கலந்த நாடகம், அனுபவம் தேவையில்லை. ஒரு மாதம் காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பயிற்சி செய்தேன். கணவரிடம் மட்டும் சொன்னேன்.

ஒத்திகை இடம் பழைய கடைவீட்டின் மாடி. கீழே பொத்தானும் நாடாவும் விற்கும் கடை. மேலே ஒரு பியானோ, மின்விசிறிகள், சுவரோரம் நாற்காலிகள். குழுவை நடத்துபவர் ஓய்வுபெற்ற சீன இசை ஆசிரியை. எல்லாரும் டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். ஆங்கிலத்திலும் மலாயிலுமாகத்தான் பேசுவார்; இங்கே நான் அதைத் தமிழில் சொல்கிறேன்.

என் முறை வந்ததும் பாட ஆரம்பித்தேன். சுவரோரம் காத்திருந்தவர்களில் இரண்டு பேர் என்னை அடையாளம் கண்டு ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். அவர்கள் முகத்தில் புன்னகை வந்தது. அதைப் பார்த்ததும், நான் நினைக்காமலே என் கை இடுப்புக்குப் போனது. மூக்கு சுருங்கியது. இரண்டாவது சரணத்தைச் சூப்பர்வைசர் அக்கா பாடினாள். மாடியே சிரித்தது.

டீச்சர் பியானோவை நிறுத்தினார். "நல்லா இருக்கு. இப்போ அந்த அம்மாவ வெளிய அனுப்பிட்டு, நீ மட்டும் பாடு."

முயன்றேன். வந்த குரல் எனக்கே அறிமுகமில்லாதது. மெலிந்து, நடுங்கி, காற்று பாதியும் ஒலி பாதியுமாக இருந்தது. எட்டாவது வரியில் நின்றுவிட்டேன். மன்னிப்புக் கேட்டுவிட்டுப் படி இறங்கினேன். பொத்தான் கடைக்காரர் என்ன வேண்டும் என்று கேட்டார். எதுவும் வேண்டாம் என்று சொல்லத் தோன்றாமல் ஒரு அட்டை நீலப் பொத்தான் வாங்கிக்கொண்டு வந்தேன்.

இரண்டு நாள் கழித்து டீச்சர் கூப்பிட்டார். "குழுவுல சிலர் உனக்கு விடுதிக்காரி வேஷம் தரச் சொல்றாங்க. சிரிப்பு வேஷம். உன் பேருக்காகக் கூட்டம் வருமாம். நான் உனக்கு, கூடை தூக்கிட்டு வந்து சேர்ந்து பாடற கூட்டுக்குரல்ல ஒரு இடம் தர்றேன். ரெண்டுல எது வேணும்?"

"எதுல நான் பாடக் கத்துக்குவேன், டீச்சர்?"

"கூட்டுக்குரல்ல."

என் கணவருக்கு அது புரியவில்லை. "பெரிய வேஷத்த வுட்டுட்டு கூடை தூக்கப் போறேங்கறியா?"

"ஆமா."

"கூடையில என்னா இருக்கும்?"

"வாழைப்பழம். பிளாஸ்டிக்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு எழுந்து போனார். ஆனால் நாலு மாதமும் ஞாயிறு மதியம் ஒத்திகைக்கு என்னைக் கொண்டுபோய் விட்டவர் அவர்தான்.

நாடகம் ஒரு பழைய விடுதியில் ஒரே நாளில் நடக்கும் கதை. அதன் நடுவில் ஒரு காட்சி. விடுதியின் சமையல்காரி, துவைத்த துணிகளை மடிக்கும்போது, யாரோ ஒரு விருந்தாளியின் குழந்தைச் சட்டை அவள் கையில் வருகிறது. தன் குழந்தையை இழந்தவள் அவள். அந்தச் சட்டையை மடித்துக்கொண்டே பாடுகிறாள். பாட்டின் பாதியில் நாங்கள் ஐந்து பெண்கள் கூடைகளோடு சந்தையிலிருந்து திரும்பி வந்து, அவளைப் பார்த்து, ஒன்றும் கேட்காமல் சுற்றிலும் உட்கார்ந்து, வாய் திறக்காமல் கீழ்க்குரலில் சேர்ந்துகொள்ள வேண்டும். வரிசையில் நான் இடமிருந்து மூன்றாவது. சமையல்காரியாக நடித்தது ஒரு தமிழ்ப் பெண். மருத்துவமனைத் தாதி. சில நாள் பணி முடிந்து சீருடையிலேயே ஒத்திகைக்கு வருவாள்.

கூட்டுக்குரலில் எனக்குப் பட்டதெல்லாம் சிரமம்தான். "உன் குரல் எனக்குத் தனியாக் கேக்குது. கேக்கக் கூடாது" என்று டீச்சர் திரும்பத் திரும்பச் சொல்வார். நாலு வருடமாக என் பிழைப்பே என் குரல் தனியாகக் கேட்பதில்தான் இருந்தது. பக்கத்தில் இருப்பவளின் மூச்சு எங்கே முடிகிறது என்று கேட்டு, அங்கே நான் விடாமல் பிடித்து, நான் விடும் இடத்தில் அவள் பிடித்து... அது வர மூன்று மாதம் ஆயிற்று. இடையில் ஒருநாள் நான் பாடும் சிறு காணொளி ஒன்றை இணையத்தில் போட்டேன். "அக்கா எங்க, இது யாரு?" என்று கேட்டார்கள். ஒருவர் "தயவு செஞ்சி பாடாதீங்க" என்று எழுதி, கும்பிடும் கை ஒன்றும் போட்டிருந்தார். அழிக்கலாமா என்று கணவரிடம் கேட்டேன். "கெடக்கட்டும்லா" என்றார். இன்னும் கிடக்கிறது.

முதல் காட்சி ஒரு சனிக்கிழமை மாலை. மண்டபம் நிறைந்திருந்தது. அதில் பாதி என்னைப் பார்க்க வந்த கூட்டம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தாதிப்பெண் சட்டையைக் கையில் எடுத்துப் பாட ஆரம்பித்தாள். மண்டபம் அடங்கிப் போயிற்று. எங்கள் முறை வந்தது. கூடையோடு நடந்தேன். விளக்கு என் முகத்தில் பட்டது.

சிரிப்பு எழுந்தது. முதலில் பின்வரிசையில், பிறகு எல்லாப் பக்கமும். யாரோ "ஏம்மா!" என்று என் குரலிலேயே கூவினார்கள். நான் ஒன்றும் செய்யவில்லை. நடந்தேன், உட்கார்ந்தேன், அவ்வளவுதான். அவள் பாட்டை நிறுத்தவில்லை. ஆனால் மடித்து முடித்த சட்டையை அவள் பிரித்து மறுபடி மடிப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஒரு குழந்தை இறந்துபோன பாட்டுக்கு நடுவில் ஒரு மண்டபம் சிரித்தது. அதற்குக் காரணம் என் முகம்.

காட்சி முடிந்து ஒப்பனை அறையில் அவள் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். நான் பின்னால் போய் நின்றேன்.

"மன்னிச்சிரு தங்கச்சி."

"நீங்க ஒண்ணும் செய்யலக்கா. நான் பாத்தேன்." துண்டால் முகத்தைத் துடைத்தாள். "ஆனா கோவம் வந்துச்சி. உங்க மேலயா, அவங்க மேலயான்னு தெரியல. வார்டுல ஒருத்தர் அழறப்ப அடுத்த பெட்ல யாராச்சும் சிரிப்பாங்க. அது எனக்குப் பழக்கம். ஆனா அங்க நான் பாடிக்கிட்டு இருக்க மாட்டேன்."

"நாளைக்கு நான் வரல. நான் இல்லன்னா சிரிக்க மாட்டாங்க."

அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். "நீங்க இல்லன்னா அந்தக் கீழ்க்குரல் பாதியாயிரும். கடைசி வரியில எனக்கு மூச்சு பத்தாதப்ப நான் உங்க குரல புடிச்சிட்டுத்தான் நிக்கறேன். அத யாருகிட்ட கேக்கறது?"

என் குரலை யாராவது பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை பாத்திரம் கழுவும்போதுதான் ஒரு யோசனை வந்தது. ஈரக் கையோடு டீச்சரைக் கூப்பிட்டேன். "நாடகம் தொடங்கறதுக்கு முன்னால போனை அணைக்கச் சொல்லி ஒருத்தர் அறிவிக்கறாரே, இன்னிக்கு அத நான் செய்யட்டுமா?"

டீச்சருக்கு உடனே புரிந்தது. "அந்த அம்மாவ முதல்லயே உள்ள விட்டுட்டு வெளிய அனுப்பிரலாம்ங்கற" என்றார்.

"ஆமா, டீச்சர்."

ஞாயிறு மதியக் காட்சி. திரைக்கு முன்னால் தனியாகப் போய் நின்றேன். கை இடுப்புக்குப் போனது. "ஏம்மா, கையில என்னா? போனா? ஓவர்டைம் கேட்டா வராது, போன் மட்டும் வருதா? அணைச்சி பைக்குள்ள வை. நாலாவது வரிசை, உன்னத்தான்." மண்டபம் அதிர்ந்தது. நான் அவர்கள் சிரித்து முடிக்கும்வரை நின்றேன். நன்றாகச் சிரிக்கட்டும் என்று விட்டேன். பிறகு கையை இறக்கிவிட்டு என் சொந்தக் குரலில் சொன்னேன்.

"நன்றி. இந்த அம்மா இப்போ வீட்டுக்குப் போறாங்க. இன்னும் கொஞ்ச நேரத்துல இதே மூஞ்சியோட வேற ஒருத்தி கூடை தூக்கிட்டு வருவா. அவள உங்களுக்குத் தெரியாது. தெரியாதவளாவே பாருங்க."

சிலர் கைதட்டினார்கள். சிலர் குழம்பிப்போய்ப் பார்த்தார்கள்.

காட்சி வந்தது. கூடையோடு நடந்தேன். மூன்றாவது வரிசையில் ஒரு சின்னச் சிரிப்பு கிளம்பியது. பக்கத்தில் இருந்தவர் "ஷ்" என்றார். அவ்வளவுதான். உட்கார்ந்தேன். வாய் மூடியபடி பாடினோம். ஒரு கட்டத்தில் என் குரல் எது என்று நானே தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. ஐந்து பேரின் ஒலி ஒன்றாக மார்பெலும்பில் அதிர்ந்தது. கடைசி வரியில் தாதிப்பெண் எழுந்து நின்று, ஒத்திகையில் இல்லாதபடி, என் தோளில் கையை ஊன்றிக்கொண்டு அந்த நீண்ட மூச்சைப் பாடி முடித்தாள். மண்டபத்தில் யாரோ மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

வெளியே கார் நிறுத்தத்தில் கணவர் காத்திருந்தார். அவரே சொன்னார்.

"உன்னப் பாக்கணும்னுதான் உக்காந்திருந்தேன். அந்தப் பொண்ணு பாட ஆரம்பிச்சதும் உன்ன மறந்துட்டேன். முடிஞ்சப்பறம்தான் நீயும் அங்க இருந்தேன்னு ஞாபகம் வந்துச்சி." சொல்லிவிட்டு, தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று என் முகத்தைப் பார்த்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். என்னைப் பற்றி யார் சொன்னதிலும் எனக்கு அதுதான் பெரிது.

என் பழைய சூப்பர்வைசருக்கும் டிக்கெட் அனுப்பியிருந்தேன். அவர் வரவில்லை. முழங்கால் வலியாம். மகள் மட்டும் வந்து, அம்மாவிடம் எல்லாம் சொல்வதாகச் சொன்னாள். என்ன சொன்னாள், அவர் என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது.

இப்போதும் காணொளி போடுகிறேன். வாரம் மூன்று என்பது ஒன்றாகிவிட்டது. நிறையப் பேர் என்னைப் பின்தொடர்வதை விட்டுவிட்டார்கள். அது வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். காலையில் கண் விழித்ததும் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று போனைத் தேடும் கை இன்னும் போகவில்லை. சிரிக்கவைப்பதை நான் கீழாகவும் நினைக்கவில்லை. நாற்பதை ஒட்டிய வயதில் பாட வந்தவளுக்கு இனி பெரிய வேடங்கள் வராது என்பதும் தெரியும். ஆனாலும் ஞாயிறு மதியம் அந்த மாடியில் பியானோவின் முதல் சுரம் விழும்போது, அந்த அறையில் யாரும் என்னைப் பார்ப்பதில்லை, எல்லாரும் கேட்கிறார்கள்.

அடுத்த நாடகத்துக்கு மறுபடி பாடிக் காட்டினேன். இந்தத் தடவை கை இடுப்புக்குப் போகாமல் இருக்க, இரண்டு கையாலும் தாளைப் பிடித்துக்கொண்டேன். நாலு வரி கொடுத்திருக்கிறார்கள், தனியாகப் பாட. தபால்காரி வேடம். வேலை முடிந்து திரும்பும் வழியில், கடல் பாலத்தில் வண்டிகள் நின்றுவிடும் மாலைகளில் காருக்குள் பாடிப் பார்க்கிறேன். பக்கத்து மோட்டார்காரர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். மூன்றாவது வரியில் சுருதி இன்னும் இறங்குகிறது. மூச்சை இரண்டாவது வரியின் முடிவிலேயே எடுத்துவிடச் சொல்லியிருக்கிறார் டீச்சர். எனக்கு அது மறந்து மறந்து போகிறது.